கேள்வி – பதில்: எதிரில் எத்தனை கடை?

கேள்வி: எங்கள் ஊரில் சாலையோரம் வரிசையாக வறுத்த முந்திரிக் கடைகள். நானும் ஒன்று போட்டால் எடுபடுமா?
– வாசகி, ஆதனக்கோட்டை

பதில்: எடுபடும். தஞ்சாவூர் சாலையில் போகிறவர் உங்கள் ஊரில் காரை நிறுத்துவதே வரிசையாகக் கடைகள் இருப்பதால்தான். ஒற்றைக் கடை என்றால் வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டார். ஒரே சரக்கை விற்பவர்கள் ஏன் ஒருவரையொருவர் ஒட்டியே கடை போடுகிறார்கள் என்று ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929-லேயே கணக்குப் போட்டு விளக்கினார். பக்கத்துக் கடையை விடுங்கள், கொட்டைக்கு வாருங்கள். எல்லோரும் ஒரே தோப்புகளை நம்பியிருந்தால் உண்மையான போட்டி விற்பனையில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. சீசனில் வாங்கி இருப்பு வைக்கக் கையில் முதல் உண்டா? உண்டென்றால் தொடங்குங்கள். தீயில் வறுத்துக் கையால் உடைத்த பருப்பின் வாசம் மிஷினில் உடைத்த பருப்புக்கு வராது. அந்த வாசத்துக்காகத்தான் காரை நிறுத்துகிறார்கள்.

கேள்வி: பலாச்சுளை சிப்ஸ் போடலாம் என்றிருக்கிறேன். விசாரித்தவரை எங்கள் பக்கம் யாருமே செய்யவில்லை. போட்டியே இல்லைதானே?
– வாசகர், கீரமங்கலம்

பதில்: போட்டி இல்லை என்பதுதான் கவலையாக இருக்கிறது. வடகாடும் கீரமங்கலமும் பலாவுக்குப் பேர்போன ஊர்கள். அங்கே இந்த யோசனை உங்களுக்கு முன் ஒருவருக்குமா தோன்றாமல் இருந்திருக்கும்? செய்து பார்த்து விட்டுவிட்டவர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். பழுத்த சுளை பொரியாது. முற்றிய காய்தான் வேண்டும். அது சில மாதங்களுக்குத்தான் கிடைக்கும். மீதி மாதங்களில் அடுப்புக்கும் ஆளுக்கும் என்ன வேலை? கஜா புயல் 2018 நவம்பரில் எத்தனை பலா மரங்களைச் சாய்த்தது என்பது உங்களுக்கே தெரியும்; காய் கிடைக்காத வருடத்துக்கும் ஒரு வழி வேண்டும். இன்னொன்று: உங்களோடு போட்டி போடப்போவது இன்னொரு பலா சிப்ஸ் அல்ல. பஸ் ஸ்டாண்டு கடையில் பக்கத்திலேயே தொங்கும் நேந்திரங்காய் சிப்ஸும் கடலை மிட்டாயும்தான். வாங்குபவர் கையில் இருப்பது ஒரே பத்து ரூபாய்.

கேள்வி: வீட்டிலேயே மசாலாப் பொடி செய்து விற்க ஆசை. ஆச்சி, சக்தி போன்ற பெரிய கம்பெனிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகி, அறந்தாங்கி

பதில்: சகோதரி, உங்கள் முதல் போட்டி அவர்கள் இல்லை, தெருமுனை மாவு மில். மிளகாயும் மல்லியும் வாங்கி, வெயிலில் காயவைத்து, தானே நின்று அரைத்து வரும் அம்மாவுக்கு உங்கள் பாக்கெட் எதற்கு? அவருடைய மகள் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போகிறாள்; அரைக்க நேரமில்லை, அம்மா வீட்டு ருசி மட்டும் வேண்டும். அவள்தான் உங்கள் வாடிக்கை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

உள்ளூர்க் கடையில்தான் விற்பேன் என்றால், கடன் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். நாலைந்து மளிகைக் கடைகளில் பொடிப் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். போன வாரம் பேக் செய்த பாக்கெட் என்றால் அந்தச் சரக்கு ஓடுகிறது. ஆறு மாதம் தூசி படிந்து கிடந்தால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தத் தெருவில் ஓடவில்லை. லைன் வண்டி வாரம் எத்தனை முறை வருகிறது, கடைக்காரர் கைக்காசு கொடுக்கிறாரா, கடன் சொல்கிறாரா, விற்காததைத் திருப்பிக் கொடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். பெரிய கம்பெனி ரிட்டர்ன் எடுத்துத் தாங்கும். பத்து பாக்கெட் திரும்பினால் உங்கள் லாபம் போச்சு. சிறு தொழிலைச் சாய்ப்பது பெரும்பாலும் எதிராளியின் விளம்பரம் அல்ல, கடையில் நிற்கும் பாக்கி.

கேள்வி: பெரிய ஆட்களுக்கு நடுவே சின்னவர் ஜெயித்த கதை உண்டா?
– வாசகர், பொன்னமராவதி

பதில்: நம் கடலூரிலேயே உண்டு. சி. கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். பெரிய கம்பெனிகள் ஒருபுறம் இருக்க, அண்ணன்மார் வீட்டு வெல்வெட் ஷாம்புவே அவருக்குப் போட்டி. அவர் பார்த்ததோ சோப்புக் கட்டியாலேயே தலைக்கும் தேய்த்துக் குளித்த கிராமத்தாரை. அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் ஷாம்பு தேய்த்துக் காட்டினார்கள்.

கேள்வி: மானியம் கிடைக்கிறது, மிஷின் வாங்கிவிடலாமா?
– வாசகர், கந்தர்வகோட்டை

பதில்: குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்பது நல்ல உதவிதான். ஆனால் அதே மானியம் பக்கத்து ஊர்க்காரருக்கும் உண்டு. அவரும் அதே மிஷினை வாங்குவார். முதலில் கூலி கொடுத்துச் செய்து வாங்கிச் சில மாதம் விற்றுப் பாருங்கள். முதல் தடவை வாங்குகிறவர் உறவுக்காக வாங்குவார். மூன்றாவது தடவை கேட்டு வருகிறவரை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: போட்டியாளரிடமே போய் விவரம் கேட்கலாமா?
– வாசகி, திருமயம்

பதில்: உள்ளூர்க்காரரிடம் காசு கொடுத்துச் சரக்கு வாங்கிப் பாருங்கள், பொய் சொல்லி விவரம் கறக்க வேண்டாம். அதே தொழிலைத் திண்டுக்கல்லிலோ நாமக்கல்லிலோ செய்கிறவரைத் தேடிப் போங்கள். நீங்கள் அவர் வாடிக்கையைப் பிடிக்கப்போவதில்லை என்பதால் மனம்விட்டுப் பேசுவார். லாபம் எவ்வளவு என்று தொடங்காதீர்கள். வெளியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.