பொருள்: மூன்றாவது படி மூழ்குமா? – முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுதல் தொடர்பாக

அனுப்புநர்:
தரைத்தளவாசி,
அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரம்,
சென்னைப் புறநகர்.

பெறுநர்:
பேரிடர் ஆயத்தப் பணிகளுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்,
எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகம் (மாடியில்).

பார்வை:
1. வழவழப்புத் தாளில் அச்சிட்ட தங்கள் துண்டுப் பிரசுரம்.
2. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் நாலரை அடி உயரத்தில் உள்ள கறைக் கோடு, 2015. (நேரில் வந்தால் பார்க்கலாம்.)

ஐயா / அம்மா,

பார்வை 1-இல் கண்ட பிரசுரம் எங்கள் கேட்டில் செருகப்பட்டிருந்தது. அதை வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறோம். வெள்ளம் வந்தால் இந்த வீட்டில் நனையாமல் தப்பப்போவது அதுதான்.

அதில் சொல்லியபடி டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட், அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. 'தாழ்வான பகுதியில் வசிப்போர் மேடான பகுதிக்குச் செல்லவும்' என்ற குறிப்பில் மட்டும் ஒரு சின்ன சந்தேகம். எங்கள் தெருவில் மேடு என்று இருப்பது, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாங்கள் போட்ட புது ரோடு ஒன்றுதான். ஒரு காலத்தில் ஐந்து படி ஏறி வீட்டுக்குள் போவோம். இப்போது மூன்று படி. மற்ற இரண்டும் தார் ரோட்டுக்கு அடியில் இருக்கின்றன. மீதியும் போய்விட்டால் நாங்கள் தாழ்வான பகுதியா, பாதாளமா என்பதைத் தாங்கள்தான் வகைப்படுத்த வேண்டும்.

ஒத்திகைக்கும் வந்திருந்தேன். அக்டோபர் 13, பேரிடர் அபாயக் குறைப்புக்கான சர்வதேச நாள். வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கிற நேரம். நமக்கென்றே குறித்த தேதி மாதிரி. சிறப்பு விருந்தினர் தாமதமானதால், காலை பத்து மணிக்கு வரவேண்டிய வெள்ளம் பன்னிரண்டே காலுக்குத்தான் வந்தது. காய்ந்த மைதானத்தில் ரப்பர் படகை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிவப்பு மையால் காயம்பட்ட தம்பி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே செல்பி எடுத்துக்கொண்டார். மீட்கப்பட்ட அத்தனை பேருக்கும் தக்காளி சாதம். எங்கள் ஊர் வரலாற்றிலேயே ஒருவர்கூட விடுபடாமல் மீட்கப்பட்ட வெள்ளம் அதுதான். பிறகு உறுதிமொழி எடுத்தோம். மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று விருந்தினர் வருத்தப்பட்டார்.

அந்த வருத்தத்தைப் போக்கவே இந்தக் கடிதம். 2015 டிசம்பர் 1 இரவு நாங்கள் விழித்துத்தான் இருந்தோம். காலில் தண்ணீர் ஏறியபோது உணர்வும் இருந்தது. இல்லாதது தகவல்.

சொல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று டி.வி. சொன்னது. அன்றைக்கு வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். எனக்குக் கணக்கு வராது. பின்னால் என் மகன்தான் போட்டுக் காட்டினான்: ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர்; 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 68 லாரி. கோடையில் ஒரு லாரிக்கு மூன்று நாள் குடத்தோடு காத்திருப்பவர்கள் நாங்கள். '68 லாரி' என்று சொல்லியிருந்தால் தலைகாணியைக்கூட எடுக்காமல் ஓடியிருப்போம். 'கன அடி' என்றார்கள். கனமான விஷயம் போலிருக்கிறது, காலையில் விசாரிக்கலாம் என்று இருந்துவிட்டோம்.

புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்றாம் எண் வரை உண்டு. அது கப்பல்காரர்களுக்கான குறி. எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். சிவப்பு எச்சரிக்கை என்கிறார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டலாம் என்று பொருளாம். மூன்றாம் மாடிக்காரருக்கும் சிவப்பு, எனக்கும் சிவப்பு. அவர் பஜ்ஜி போடுவார். நான் பீரோவைத் தூக்க ஆள் தேட வேண்டும்.

2023-இல் தொழில்நுட்பம் கைகொடுத்தது. அக்டோபரில் சோதனைக்காகக் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அம்மா பயந்துபோய் போனைத் துண்டால் போர்த்தினார். டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் போயிற்று. அதன் பின்னாலேயே டவரும் போயிற்று. சோதனையில் அலறிய போன் சோதனைக் காலத்தில் செங்கல்லாகக் கிடந்தது. 'உடனுக்குடன் தகவல் பெற எங்கள் சமூக வலைதளப் பக்கத்தைப் பின்தொடருங்கள்' என்று பிரசுரத்தில் இருக்கிறதே, நாலாம் நாள் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பின்தொடர்ந்தேன். 'வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்' என்று ஒரு பதிவு. அரை மணி கழித்து, 'தாழ்வான பகுதிகளிலிருந்து உடனே வெளியேறுங்கள்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் லைக் போட்டுவிட்டேன்.

கரண்டும் டவரும் இல்லாமல் மூலைமுடுக்கெல்லாம் சேதி சொல்லும் கருவி தங்களிடம் இல்லாமலா இருக்கிறது? மார்ச் மாதமானால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வரும். 'சொத்து வரி நிலுவை வைத்திருப்போர் கவனத்திற்கு...' அது நுழையாத சந்து கிடையாது. காது கேளாத என் பெரியம்மாவே 'வரிக்காரன் வந்துட்டான்டா' என்பார். 2015-இல் தண்ணீர் ஏறுவதற்கு முந்தைய நாலைந்து மணி நேரத்தில் ஆட்டோ எங்கே நின்றது என்று விசாரித்தேன். மார்ச் இல்லையே என்றார்கள்.

ஒலிபெருக்கியை ஏளனமாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரி நல்லவாடு மீனவர் கிராமத்தைச் சுனாமியிலிருந்து காப்பாற்றியது அதுதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்கார இளைஞர் ஒருவர் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் தகவல் மையம் ஒன்று நடத்தி வந்தது. ஊரார் அதன் கதவை உடைத்து மைக்கைப் பிடித்துக் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மைக்கில் பேசியவர் கன அடி சொல்லவில்லை, நிறம் சொல்லவில்லை. ஓடுங்கள் என்றார்.

விழிப்புணர்வு போதாத மக்கள் செய்த வேறு காரியங்களும் உண்டு. 2015-இல் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். அவர்கள் படகைத் தலைக்குமேல் தூக்கி ஓடவில்லை, தண்ணீரில்தான் விட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிய ரயில் பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்தார்கள். இவர்களில் யாரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, தங்கள் மேலான பரிசீலனைக்கு:

1. கன அடியைப் படிக்கட்டாக மாற்றித் தரவும். இவ்வளவு திறந்தால் எந்தத் தெருவில் எத்தனை படி என்று மின்கம்பத்தில் கோடு போட்டால் போதும். கோடு கைவசம் உள்ளது (பார்வை 2). பெயின்ட் செலவு எங்களுடையது.

2. அடுத்த ஒத்திகையை ராத்திரி இரண்டு மணிக்கு, கரண்டை நிறுத்திவிட்டு, சிறப்பு விருந்தினர் இல்லாமல் நடத்தவும். என் அம்மாவை நாற்காலியோடு மாடி ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்பது அன்றைக்குத் தெரியும். தக்காளி சாதம் நாங்கள் போடுகிறோம்.

3. தங்கள் ஆயத்தக் குழுவில் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரைச் சேர்க்கவும். எந்த வீட்டில் நிறைமாதம், எந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், எந்தப் பெரியவர் தனியாக இருக்கிறார் என்ற விவரம் அவரிடம் இருக்கிறது. தங்களிடம் எங்கள் சொத்து வரி எண் இருக்கிறது.

4. அந்த ஆட்டோவை மழைக்காலத்திலும் அனுப்பவும்.

நாலில் ஒன்றுதான் முடியுமென்றால், நாலாவது. புதிதாக எதுவும் பதிவு செய்ய வேண்டாம். அந்தக் குரல் எங்களுக்குப் பழகிய குரல். 'வரி செலுத்துவோர் கவனத்திற்கு' என்றே தொடங்கலாம். பிறகு 'இன்றைக்கு ராத்திரி மூன்றாவது படி' என்று சொன்னால் போதும். பீரோவையும் அம்மாவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைத்தளவாசி

இணைப்பு: நடப்பு அரையாண்டுக்கான சொத்து வரி ரசீது நகல். (ஆட்டோ வரும்போது வேறு விஷயம் பேசலாம் என்பதற்காக.)