கோணல் கூடங்கள் விற்பனைக்கு

கிரிக்கெட்டில் போல்டானவனுக்கு ஆயிரம் சமாதானம் உண்டு. பந்து கடைசி நேரத்தில் உள்ளே திரும்பியது, பிட்ச் சரியில்லை, எதிரே நின்றவன் கத்திக் கவனத்தைக் கலைத்தான். கேரம் ஆடுகிறவன்கூடப் பவுடர் போதவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். கோல்ஃபில் அந்த வசதியே கிடையாது. 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வெள்ளைப் பந்து புல்மேல் சும்மா கிடக்கிறது. யாரும் அதை வீசவில்லை. யாரும் அதைத் தடுக்கப் போவதுமில்லை. அதை ஓங்கி அடித்து, பந்து கிடந்த இடத்திலேயே கிடக்க, ஒரு பிடி புல் மட்டும் பத்தடி பறந்தால் பழியை யார்மேல் போடுவது? சுற்றுமுற்றும் பார்க்கிறோம். மட்டைதான் கையில் இருக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமெரிக்காவில் பழைய கோல்ஃப் மட்டை வியாபாரம் முழுவதும் இந்தப் பழமொழியை நம்பித்தான் நடக்கிறது. பந்து வலப்பக்கமாக வளைந்து காட்டுக்குள் போனதும் குற்றவாளி மட்டை என்று தீர்ப்பாகிவிடுகிறது. நெடுந்தூரம் அடிக்கிற ‘டிரைவர்’ மட்டை புதிதாக ஒன்று 500, 600 டாலர். அதை வாங்கியதும் பழையது கராஜுக்குப் போகிறது. புதியதை வைத்து அடித்த பந்தும் அதே காட்டுக்குள், அதே மரத்தடிக்குப் போகிறது. அடுத்த வருடம் கம்பெனி இன்னொரு மாடலைக் கொண்டுவருகிறது. கராஜில் காருக்கு இடமில்லாமல் போகும்போது வீட்டுக்காரம்மா தலையிட்டு, சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிடுகிறார். நியூஜெர்சியில் வசந்தம் வந்ததற்கு அடையாளம் இந்தக் கராஜ் சேல்தான்.

எனக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம். எனக்கு ஆட வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூடம் நேராகத்தான் இருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே அடுத்தவர்கள் கோணல் என்று தள்ளிவிட்ட கூடங்களைச் சல்லிசான விலைக்கு வாங்குகிறேன்.

போன கோடையில் எங்களோடு தங்க வந்த மாமனார் இந்தக் கொள்முதலுக்குத் துணையாக வந்தார். அவர் பொள்ளாச்சிக்காரர். இளவயதிலிருந்து சந்தையில் மாடு பிடித்துப் பழகியவர். கோல்ஃப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பழைய சரக்கைப் பார்த்து வாங்கத் தெரியும். மாட்டுக்குப் பல் எப்படியோ, மட்டைக்கு அதன் முகம் அப்படி. பந்தில் படுகிற அந்த இரும்பு முகத்தைத் திருப்பிப் பார்த்தால் முந்தைய சொந்தக்காரரின் சரித்திரம் முழுவதும் அதில் இருக்கும்.

முகத்தின் நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு மட்டும் தேய்ந்து பளபளத்தால், அந்த மனிதர் ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் பந்தைப் பட வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் வித்துவான். அந்த மட்டையின் பக்கமே நாம் போகக் கூடாது. அது பெரும்பாலும் ‘பிளேடு’ என்கிற மெல்லிய தலைக்காரனாக இருக்கும். நடுவிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பட்டாலும் அதிர்ச்சி முழங்கை வரை ஏறும். முகமெங்கும், ஓரத்திலும் மூக்கிலும் குதிகாலிலும், வடு வடுவாக இருந்தால்தான் அது நம் இனத்தவரின் மட்டை.

அப்படி ஒன்றை மாமனார் கையில் எடுத்துத் திருப்பினார்.

“ஏனுங் மாப்பிள்ள, இந்த ஆளு பந்த எங்கதானுங் அடிச்சாரு?”

“எல்லா எடத்துலயும் மாமா.”

“அப்ப உங்களுக்குத் தோதானதுதானுங்.”

ஒரு செட்டில் ‘அயர்ன்’ என்கிற இரும்புத் தலை மட்டைகள் 3-ஆம் எண்ணிலிருந்து வரிசையாக இருந்தால் 7-ஆம் எண் களைத்துப் போயிருக்கும். 3-ஆம் எண் மட்டும் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருக்கும். பாதுகாத்து வைத்ததல்ல, அதை வைத்துப் பந்தைக் கிளப்ப யாராலும் முடிவதில்லை. டிரைவரின் வண்ணம் பூசிய உச்சந்தலையில் வெள்ளைக் கீறல் இருந்தால், முந்தையவர் பந்துக்கு அடியில் மட்டையைச் செருகிப் பந்தை நேராக வானத்துக்கு அனுப்பியவர். கராஜில் எதுவோ உரசிவிட்டது என்பார் விற்கிறவர். நாம் தலையசைத்துவிட்டு ஐந்து டாலர் குறைக்க வேண்டும். ஆட்டத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு பையில் குளத்தில் விழுந்த பந்தை எடுக்கிற நீட்டுக் கம்பியும் இருந்தது. அந்தப் பையிலேயே அதிகம் தேய்ந்திருந்தது அந்தக் கம்பியின் கைப்பிடிதான்.

நம்மைப் போன்றவர்கள் தேட வேண்டியது ‘கேவிட்டி பேக்’. முதுகுப்பக்கம் குழித்து, எடையை விளிம்பைச் சுற்றி வைத்த தலை. பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது. இந்தக் கருணைக்கு வழிகாட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம். நார்வேயில் பிறந்து, ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃபுக்கு வந்தார். குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்கிற புல்தரையில் பந்து குழிக்குள் போக மறுத்தது. எல்லோரையும் போல அவரும் மட்டையைத்தான் குறை சொன்னார். ஆனால் எஞ்சினியர் அல்லவா, கலிபோர்னியாவில் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கி, 1959-இல் பந்தைக் குழிக்குள் உருட்டுகிற ‘பட்டர்’ மட்டை ஒன்றைத் தானே செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய ‘பிங்’ என்ற சத்தமே கம்பெனியின் பெயரானது. கூடம் கோணல் என்று சொன்னவர்களில், உண்மையிலேயே கோணலைக் கண்டுபிடித்து நிமிர்த்திக் காட்டியவர் அவர். மற்றவர்கள் எல்லாம் நிமிர்த்துவதாகச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்கள்.

அவருடைய கம்பெனி 1982-இல் கொண்டுவந்த ‘ஐ 2’ அயர்ன் இன்றும் கராஜ் சேல்களில் தலைகாட்டும். அதன் முகத்திலிருந்த சதுரப் பள்ளங்களை வைத்து அமெரிக்க கோல்ஃப் சங்கத்தோடு பெரிய வழக்கே நடந்து, 1990-இல் சமரசமானது. அந்தச் சமரசத்தின்படி, அதற்கு முன் செய்தவை மட்டும் என்றும் செல்லும். 2010-இல் கூரான பள்ளங்களுக்குத் தடை வந்தபோது பிரபல ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் இருபது வருடத்துக்கு முந்தைய ‘ஐ 2’ வெட்ஜ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போட்டிக்கு வந்தார். பழையது வாங்குகிறவனை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. மிக்கல்சனுக்கு அந்தப் பள்ளத்தால் பந்து சுழன்று நிற்கும். என் பந்து பள்ளம் இல்லாமலேயே நிற்கும், பெரும்பாலும் மணலில்.

மிக்கல்சன் எனக்கு வேறொரு வகையிலும் ஆசை காட்டினார். ஓரிடத்தில் அருமையான செட், பாதி விலை. கையில் எடுத்தால் முகம் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. இடக்கைக்காரருக்கானது. மிக்கல்சன் பிறவியில் வலக்கைக்காரர். சிறுவயதில் அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பது போல அவர் வீச்சைப் பார்த்துப் பழகியதால் இடப்பக்கமாக ஆடுகிறார். நானும் மாறிவிட்டால் என்ன? வலப்பக்கமாக ஆடியும் ஒன்றும் வரவில்லை. இழக்க என்ன இருக்கிறது? மாமனாரிடம் யோசனை கேட்டேன். “வலத்து மாட்ட எடத்துல பூட்டுனா வண்டி பள்ளத்துக்குத்தானுங் போகும்” என்றார். வைத்துவிட்டேன்.

பேர்களைப் பார்த்தும் மயங்கக் கூடாது. 1991-இல் காலவே கம்பெனி ஒரு டிரைவருக்கு முதல் உலகப்போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயரை வைத்து ‘பிக் பெர்த்தா’ என்றது. 1995-இல் ‘கிரேட் பிக் பெர்த்தா’. 1997-இல் ‘பிக்கஸ்ட் பிக் பெர்த்தா’. அதற்குமேல் ஆங்கிலத்தில் படியில்லை. முதல் பெர்த்தாவின் தலை 190 கன சென்டிமீட்டர். இன்று விதி அனுமதிக்கும் உச்சம் 460. அன்றைய பீரங்கியை இன்றைய டிரைவருக்குப் பக்கத்தில் வைத்தால் பேரனுக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். அயர்ன்களில் வேறொரு வித்தை. நாற்பது வருடத்துக்கு முந்தைய 7-ஆம் எண்ணின் சாய்வு சுமார் 35 பாகை. இப்போது பல கம்பெனிகளின் 7-ஆம் எண் 30-க்கும் கீழே வந்துவிட்டது. அதாவது அதைவிடத் தூரம் போகிற பழைய 5-ஆம் எண்ணின் வேலையைச் செய்கிறது. புது மட்டையில் இருபது கஜம் கூடிவிட்டது என்று நண்பர்கள் பூரிக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அவர்கள் இப்படிப் பூரிக்கிறவரைதான் எனக்குச் சரக்கு வரும்.

தண்டில் ‘எஸ்’ என்று போட்டிருந்தால் விறைப்பானது, வேகமாக வீசுகிறவர்களுக்கு. ‘ஆர்’ என்றால் சாதாரணம். கராஜ்களில் கிடப்பவற்றில் பாதிக்கு மேல் ‘எஸ்’. வாங்கும்போது எந்த ஆண்பிள்ளையும் தன் வீச்சு சாதாரணம் என்று கடைக்காரர் முன்னால் ஒத்துக்கொள்வதில்லை. வயதானவர்களுக்கென்றே ‘ஏ’ என்று ஒரு இளகிய தண்டு உண்டு. எனக்கு அதுதான் பொருந்துகிறது என்பதை இந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களிடம் சொல்ல வேண்டாம்.

விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். 1938-இல் அமெரிக்காவில் இந்த வரம்பு வருவதற்கு முன், லாசன் லிட்டில் என்ற சாம்பியன் இருபதுக்கும் மேல் கொண்டுபோனார். தூக்கியவர் கேடி. என் பையை நானே தூக்குவதால் ஒரு ஹைப்ரிட், 7, 9, மணலுக்கு ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தவறான மட்டையை எடுக்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஒரு பொறி மட்டும் உண்டு: கிரிப். கைப்பிடி ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால் மாற்றத் தோன்றும். ஒன்றுக்குக் கூலியோடு பத்து டாலர் என்றாலும், 40 டாலர் செட்டின் 13 மட்டைகளுக்கு 130 டாலர். முதலில் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பாதி கிரிப்புகள் பிழைத்துக்கொள்ளும். உயரமான அமெரிக்கருக்குச் செய்த மட்டை நீளமாக இருந்தால் அறுக்க வேண்டாம். ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்தால் போதும், செலவில்லை.

விலை பேசும் பொறுப்பை மாமனாரே எடுத்துக்கொண்டார். ஒரு முழு செட்டுக்குப் பெரியவர் ஒருவர் 60 டாலர் சொன்னார். மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலக்கைமேல் போட்டு, அப்படியே அவரிடம் நீட்டினார். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். அமெரிக்கப் பெரியவர் ஒரு கணம் திகைத்து, பிறகு மிகுந்த மரியாதையோடு துண்டுக்குள் கையை விட்டு அழுத்திக் குலுக்கினார். மாமனார் நாலு விரலைப் பிடித்தார். என்ன புரிந்ததோ, 40 டாலருக்கு முடிந்தது.

அந்த மகிழ்ச்சியில் அவரை லிபர்ட்டி கார்னரிலுள்ள அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் 1971 பிப்ரவரியில் நிலாவில் ஆடிய மட்டை அங்கே இருக்கிறது. மண் மாதிரி எடுக்கிற கருவியின் கைப்பிடியில் 6-ஆம் எண் அயர்னின் தலையை மாட்டியது. விண்வெளி உடையில் இரண்டு கையும் சேராததால் ஒற்றைக் கையால் வீசினார். முதல் வீச்சில் பந்தைவிட மண்தான் அதிகம் கிளம்பியது. கடைசியாக அடித்தது மைல் கணக்கில் போனதாக அங்கிருந்தே அறிவித்தார். அரை நூற்றாண்டு கழித்துப் படங்களைத் தீட்டி அளந்தபோது ஒரு பந்து 24 கஜம், இன்னொன்று 40 கஜம்தான் போயிருந்தது. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, எதிர்க்காற்றும் கிடையாது. இங்கே இத்தனை ஈர்ப்பையும் இழுத்துக்கொண்டு நான் சில சமயம் நூறு கஜம் அடித்திருக்கிறேன்.

இதையெல்லாம் மாமனாருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் குனிந்து, அந்த மட்டையின் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“பழசுதானுங்களே மாப்பிள்ள, என்ன வெல சொல்றாங்கன்னு கேளுங்.”