நட்புக்காகக் கொடுத்த கடல்

என் சிறுவயதில் இலங்கை எங்களுக்கு வெளிநாடாகவே தோன்றியதில்லை. சாயங்காலம் டிரான்சிஸ்டரைத் திருப்பினால் சென்னை கரகரக்கும், இலங்கை வானொலி கணீரென்று பாடும். ஐப்பசியில் பருவம் தொடங்கிவிட்டால் வெளியூர் மீனவர்கள் கோடியக்கரைக்கு வந்து கடலோரத்தில் வாடி போட்டுப் பங்குனி வரை தங்குவார்கள். பெரியப்பா கடலுக்குப் போகும்போது நட்சத்திரம் பார்ப்பார், திரும்பும்போது கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பார். காற்று திசைமாறி அந்தப் பக்கம் ஒதுங்கினால் யாழ்ப்பாணத்தார் சோறு போட்டு அனுப்பிவைப்பார்கள். அவர்கள் இங்கே ஒதுங்கினாலும் அப்படித்தான்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைக்குப் போயிற்று. தமிழகச் சட்டமன்றம் ஆகஸ்டில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, டெல்லி கேட்கவில்லை. 1976 ஒப்பந்தத்தையொட்டிப் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன.

டெல்லியின் கவலை பொய்யில்லை. 1971-இல் டாக்கா போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கித்தான் எரிபொருள் நிரப்பிக்கொண்டன. தெற்கே தியாகோ கார்சியாவில் அமெரிக்கா தளம் கட்டிக்கொண்டிருந்தது. சீனாவோ 1952-லிருந்தே இலங்கையின் ரப்பரை வாங்கிக்கொண்டு அரிசி கொடுத்துவந்தது. வல்லரசுகள் பக்கத்தில் வந்து உட்காராமலிருக்க வேண்டுமானால் கொழும்பின் நட்பு வேண்டும். அதற்கான விலையை எங்கள் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கரையில் ஒருவரையும் கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை என் ஆற்றாமை.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது? 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதங்களில், திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தர மாட்டோம் என்று கொழும்பு எழுதிக் கொடுத்தது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022-இல் திவாலாகி நின்ற இலங்கைக்கு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது.

இப்போது என் தங்கை மகன் ஃபைபர் படகில் போகிறான். பாலிதீன் பையில் சுற்றிய ஜிபிஎஸ் கருவியைக் காட்டினான். உப்புப் படிந்து மங்கிய திரையில் ஒரு கோடு. "இதத் தாண்டுனா படகு போச்சு மாமா. தாண்டாட்டியும் ராத்திரில அக்கரைக்காரனுவ வந்து வலைய அறுத்துட்டு, இந்தக் கருவியையும் புடுங்கிட்டுப் போயிடுறானுவ" என்றான். பெரியப்பா கடலில் பயந்ததெல்லாம் புயலுக்கு மட்டும்தான்.

ஆனால் அக்கரையின் வலியையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் உள்நாட்டுப் போர் முடிந்து யாழ்ப்பாண மீனவர்கள் கடலுக்குத் திரும்பினால், நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவர்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. கடலின் அடித்தரையையே வழித்துக்கொண்டு போகிறது. 2021 டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, வெற்றுடம்போடு நல்லூர்க் கந்தசுவாமியைக் கும்பிட்டார். அங்குள்ள மீனவக் குடும்பங்களுக்கு உலர் உணவும் வலைகளும் கொடுத்தார். நம் படகுகள் வலையைக் கிழித்த இடத்துக்குப் பெய்ஜிங் வலையோடு வருகிறது! எந்த நாட்டை வெளியே நிறுத்துவதற்காகக் கச்சத்தீவைக் கொடுத்தோமோ, அதற்கு வாசலைத் திறந்துவிட்டது நம் இழுவைமடி.

2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு செய்துவந்தார். நல்லது. ஆனால் பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டம் 2000 படகு இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. கடன் சுமை தாங்காமல் படகுக்காரர்கள் பின்வாங்குகிறார்கள். டெல்லி முதலில் அந்தப் படகுகளுக்கான பணத்தை முழுசாகக் கொடுக்கட்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்களே, அதில் நம் மீனவர் தலைவர்கள் ஏறிப்போய், இழுவைமடியை எந்தத் தேதியோடு நிறுத்துகிறோம் என்று யாழ்ப்பாணத்தாரிடம் நேரில் சொல்லிவிட்டு வரட்டும்.