ஆலைக்கு அருகில் கேமிங் லேப்டாப்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூருக்கு டெல் ஆலை 2007-லேயே வந்துவிட்டதே, பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரருக்குக் கேமிங் லேப்டாப் சல்லிசாகக் கிடைக்காதா?

பதில்: நெல் விளையும் ஊரிலும் அரிசி கடை விலைக்குத்தான் விற்கிறது; அதிலும் லேப்டாப்பின் விலையைத் தீர்மானிக்கும் சிப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பூட்டப்படுவதால், சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் குடியிருப்பவருக்கு மிச்சமாவது பேருந்துக் கட்டணமே. கையிருப்பு குறைந்தவர் பார்க்க வேண்டியது, காட்சிகளை வரையும் தனிச் சிப்பான கிராபிக்ஸ் கார்டின் பெயரை அன்று, அதற்கு அனுமதிக்கப்பட்ட மின்திறனை. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயர் 35 வாட் முதல் 115 வாட் வரை உலவுவதால், பெயர் ஒன்றாயினும் வேகம் ஒன்றாகாது. ரேம் எனும் தற்காலிக நினைவகத்தை, ஸ்லாட் இருந்தால், போனஸ் வந்தபின் கூட்டிக்கொள்ளலாம். மதர்போர்டில் பற்றவைத்த கார்டை மாற்ற இயலாது. கீபோர்டின் வண்ண விளக்குகள் ஆட்டத்துக்கு உதவாவிட்டாலும் கார்த்திகை தீபத்துக்கு உதவக்கூடும்.