மழை வராத இரண்டு நாள்

ஊரில் கதவு, உத்திரம், ஊஞ்சல் என்று மரத்தில் எது செய்தாலும் அதைக் கூரைக்குக் கீழேதான் வைப்போம். அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் முழுக்க மரத்தாலேயே ஒரு மேடை கட்டி, மேலே ஒன்றுமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். வெயில், மழை, பனி, அணில் எல்லாம் நேராக அதன் தலையில். டெக் என்று பெயர். சாவகாசமாக உட்கார்ந்து காப்பி குடிப்பதற்காகக் கட்டுவது. நியூஜெர்சியில் நான் அதில் காப்பி குடித்ததைவிட அதைத் தேய்த்துக் கழுவியதுதான் அதிகம்.

காரைக்குடியிலிருந்து வந்திருந்த மாமனார் பர்மா தேக்குத் தூண்களைப் பிடித்து நடை பழகியவர். டெக்கை ஒரு சுற்று சுற்றிவந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன மரம், மாப்பிள்ளை?"

"பைன், மாமா. மருந்து ஏத்தினது."

"ஏன், அதுக்கு என்ன சீக்கு?"

சீக்கு வராமலிருக்கத்தான் மருந்து. கறையானும் பூஞ்சையும் அண்டாதபடி, செம்பு கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்துகிறார்கள். புதுப் பலகையில் லேசாகப் பச்சை அடிப்பது அதனால்தான். 2003 முடியும்வரை இங்கே வீடுகளுக்கு வந்த பலகைகளில் ஆர்சனிக்கும் இருந்தது, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். எங்கள் டெக் அதற்குப் பின் கட்டியது என்பதை மாமியாரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதன் மேல்தான் வடாம் காயப்போட்டிருந்தார்.

ஆனால் அந்த மருந்து வெயிலைத் தடுக்காது. வெயில் பட்டுப்பட்டு மரத்தின் மேல்நார் சிதைந்து நரைத்துப்போகும். மழையில் உப்பி, காய்ந்து வெடிக்கும். அதற்குத்தான் ஸ்டெயின் என்ற பூச்சு. நிறமே இல்லாததை அடித்தால் போதும், மரம் மரமாகத் தெரியட்டும் என்றார் மாமா. நியாயமான ஆசைதான். ஆனால் வெயிலைத் தாங்குவதே நிறமிதான். நிறம் இல்லாவிட்டால் சீக்கிரமே மறுபடி நரைக்கும். பெயிண்ட் மாதிரி மூடுகிற ரகமோ நாளாவட்டத்தில் தோல் உரியும். கடைசியில் ரேகையும் தெரிந்து நிறமும் இருக்கிற நடுத்தரத்தில் சமாதானமானோம். "தேக்கு நிறம்" என்று டப்பாவில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடிப்பது ஒரு சனிக்கிழமை வேலை. அந்தச் சனிக்கிழமை கிடைப்பதுதான் பாடு. மரம் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும். வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, 90-ஐத் தாண்டக் கூடாது. நேர் வெயில் கூடாது. அடித்தபின் ஒரு நாளாவது மழை கூடாது. மே மாதம் மகரந்தம் கொட்டும், ஜூலையில் சாயங்காலமானால் இடிமழை, அக்டோபரில் இலை. கல்யாணத்துக்கு முகூர்த்தம் கிடைப்பது இதைவிடச் சுலபம்.

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உடனே உறிஞ்ச வேண்டும், முத்து முத்தாக நின்றால் இன்னும் தயாராகவில்லை. மாமா இந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொம்பும் கையுமாக டெக்கில் நின்று தெளிப்பார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"நாற்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் நம்ம வாசல்ல தெளிச்சிருப்பீங்களா?"

வேலை நடந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பலகையின் நீளவாக்கில் ஒரே மூச்சாகப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் பட்டை விழும். வெட்டுவாய் அதிகம் குடிக்கும், அங்கே தாராளமாகத் தடவ வேண்டும்.

ஸ்டெயினைத் துடைத்த துணிகளில்தான் ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் காயும்போது சூடு கிளம்பும்; துணியைச் சுருட்டிப் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே அடைந்து தானாகத் தீப்பிடிக்கும். 1991-இல், பக்கத்து ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் பரவிய தீ இப்படிப்பட்ட துணிகளில்தான் தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இது விளையாட்டில்லை. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் அத்தனை துணியையும் அழகாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுப் புகாத ஒரு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பிடுங்கிக் கொண்டுபோய் வாசல் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாக விரித்து, மேலே கல் வைத்தேன். நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுக்காரர், இது எங்கள் பண்டிகையா என்று மரியாதையாக விசாரித்தார்.

"இனிமே கவலையில்லையே?" என்றார் மாமா, பளபளப்பைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி அடிக்கணும், மாமா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்க விசா பத்து வருஷம், மாப்பிள்ளை. நீங்க ஆளே தேட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம் முன்னாடியே வந்துடறோம், மரம் காயணும்ல?"

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு, ஸ்டெயினே தேவைப்படாத பிளாஸ்டிக் கலந்த பலகை சதுர அடி என்ன விலை என்று பார்த்தேன்.