பூச்சாடிக்குக் கீழே திறப்பு

வவுனியாவில் படலைக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்கிற ஆட்கள் நாங்கள். அமெரிக்கர்களும் எங்கட இனம்தான் என்று 2013 பெப்ரவரியில் தெரிந்தது. மொன்டானா மாநிலத்துத் தொலைக்காட்சி ஒன்றில் திடீரென அவசர எச்சரிக்கை: செத்தவர்கள் குழியை விட்டெழும்பி ஆட்களைத் தாக்குகிறார்களாம், கிட்டப் போகவேண்டாமாம்!

யாரோ ஒரு குறும்பர் இணையவழியாக நிலையத்தின் எச்சரிக்கைப் பெட்டிக்குள் புகுந்திருந்தார். பூட்டை உடைக்கவேயில்லை. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல் அப்படியே கிடந்தது. அதுவும் எவரும் இணையத்தில் எடுத்துப் படிக்கக்கூடிய கையேட்டில் அச்சாகி. பிறகுதான் 'கடவுச்சொல்லை மாற்றுங்கள்' என்று அரசு அவசர உத்தரவு விட்டது. எச்சரிக்கைக் கருவிக்கே ஓர் எச்சரிக்கை.

ஹவாய் இன்னும் விசேஷம். 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறதென்று தவறுதலாக அறிவித்து, 38 நிமிடம் கழித்துத்தான் செல்பேசிகளுக்குத் திருத்தம் அனுப்பினார்கள். அது ஒத்திகையை நிஜமென்று நம்பிய ஊழியரின் பிழை. ஆனால் எச்சரிக்கை அனுப்பிய அலுவலகத்தின் பழைய படமொன்றில் கணினித் திரையில் ஒட்டுத்தாள், அதில் கடவுச்சொல்!

எங்கட ஊரில் குளம் வான் பாய்ந்தால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும். அதற்குக் கடவுச்சொல் வேண்டாம், கத்துகிறவரின் குரல் ஊருக்கே தெரியும்.

எங்கள் வீட்டு றவுட்டரா? 'அட்மின்', 'அட்மின்'. ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள்.