ஓரடியியல்: ஒரு காதல் பாட்டின் மூன்றாம் நிமிடம் பற்றிய ஆராய்ச்சி

பாயிரம் இல்லாத நூலை நூலென்றே ஒப்பமாட்டார்கள் நம் பழைய ஆசிரியர்கள். ஆகவே முறைப்படி தொடங்குவோம். இவ்வாய்வு நுதலிய பொருள், விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாட்டில், மூன்று நிமிடம் தாண்டியதும் விழுகிற அடி. ஒரே ஓர் அடி. யாப்பிலக்கணம் பேசும் அடியன்று, ட்ரம்மில் விழும் அடி. பாடிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்துகிறார். வாத்தியங்களும் வாயடைத்து நிற்கின்றன. கேட்பவன் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட மறந்துபோகிறான். அப்புறம் 'டம்'. அந்த அடியின் முதுகில் ஏறிக்கொண்டு பல்லவி மேலே பாய்கிறது. அடித்தவர் ரிக்கி லாசன். கேட்போர் யாரெனின், கார் ஓட்டுவோர், குளியலறைப் பாடகர், கல்யாண விருந்துக்கு வந்தோர். பயன் யாதெனின், அதற்குப் பணக்கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது, பின்னால் பார்ப்போம்.

ஆக்கியோன் பெயரில் முதல் சிக்கல். பாட்டு விட்னியுடையது என்று சத்தியம் செய்வோர் பலர். எழுதியவர் டாலி பார்ட்டன், டென்னசி மலைப்பக்கத்துக்காரர். 1967இல் போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி இசைப் பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில், தனியாகப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்தது. வேகனர் விடுவதாக இல்லை. பேசிப் பார்த்தால் சண்டையில் முடிந்தது. டாலி வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் கிதாரை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்கே போய், உட்கார வைத்துப் பாடிக் காட்டினார். வேகனர் அழுதார். நீ எழுதியதிலேயே இதுதான் உயர்ந்தது, தாராளமாகப் போ, ஆனால் இந்தப் பாட்டை நான்தான் தயாரிப்பேன் என்றாராம். டாலியே பல இடங்களில் சொல்லியிருக்கும் கதை இது. 1974இல் பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. 1979இல் அதே வேகனர் டாலிமேல் ஒப்பந்த மீறல் வழக்குப் போட்டு, பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் ஆனார். அழுத கண்ணால் வக்கீல் நோட்டீசும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் போலும்.

இனி, திணை. உலகம் இதைக் காதல் பாட்டு என்று எடுத்துக்கொண்டது. ஆவணப்படி பார்த்தால் இது ராஜினாமாக் கடிதம். அகத்தில் வைப்பதா, புறத்தில் வைப்பதா? தலைவன் பெயர் சொன்னால் அகம் கெட்டுப் புறமாகிவிடும் என்பது விதி. நெடுநல்வாடையில் பாண்டியனின் வேம்பு ஓரிடத்தில் எட்டிப்பார்த்ததற்கே அதைப் புறத்தில் தள்ளிவிட்டார் நச்சினார்க்கினியர். இந்தப் பாட்டில் வேகனர் பெயரும் இல்லை, வேம்பும் இல்லை. எனவே பாட்டை மட்டும் கேட்பவனுக்கு அகம், வரலாறு தெரிந்தவனுக்குப் புறம் என்று கொள்க. அற்றேல், முதலாளியை விட்டுப் போகும் பாட்டைக் கல்யாணத்தில் போடலாமோ எனின், போடுகிறார்கள். நான் என் வழியே போகிறேன், நீ நன்றாயிரு என்று சொல்லும் பாட்டை, இனிமேல் எங்கும் போகமாட்டோம் என்று மோதிரம் மாற்றிக்கொண்ட இருவர் கட்டிப்பிடித்துச் சுற்றி ஆடுவதற்குப் போடுகிறார்கள். டாலியும் விட்னியும் சொற்களை விழுங்கிப் பாடுபவர்கள் அல்லர். அப்படியிருந்தும் ஒருவர் காதிலும் அவை விழவில்லை. ஒரு பாட்டு உலகையே பிடித்தாட்ட வேண்டுமானால் சொல் காதில் விழக்கூடாது என்பது இவ்வாய்வின் கோட்பாடு. சொல்லுக்குப் பதிலாகக் காதில் விழுவது எது என்பதற்கே மேற்சொன்ன ஓரடி சான்று.

அடி வந்த வழியைத் தேடினால் ஒரு தொலைபேசி அழைப்பில் போய் நிற்கிறோம். விட்னி இதைப் பாடிய 'தி பாடிகார்ட்' படத்துக்கு முதலில் வேறொரு பழைய பாட்டைத்தான் தேர்ந்திருந்தார்கள். அதை இன்னொரு படம் முந்திக்கொண்டது. நாயகன் கெவின் காஸ்ட்னர் டாலியின் பாட்டைக் கொண்டுவந்தார். கையில் இருந்த மாதிரி, லிண்டா ரான்ஸ்டட் 1975இல் பாடிய வடிவம். டாலி முதல்நூல் என்றால் ரான்ஸ்டட் வழிநூல். வழிநூலாசிரியர் கடைசிச் சரணத்தை விட்டுவிட்டார். டாலி தம் பதிவில் அந்தச் சரணத்தைப் பாடவில்லை, வசனமாகப் பேசியிருந்தார். பேச்சுத்தானே என்று கழற்றிவிட்டார்கள் போலும். பாட்டின் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் டாலியைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னபோது, அதில் ஒரு சரணம் குறைகிறதே என்று டாலி எடுத்துக்காட்டி, வரிகளைச் சொல்லச்சொல்ல ஃபாஸ்டர் எழுதிக்கொண்டாராம். நீ சுகமாக இரு, கனவு கண்டதெல்லாம் கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிற சரணம் அது. கிர்க் வேலமின் சாக்ஸபோன் முடிந்து, அந்தச் சரணமும் முடிந்து, அதன் விளிம்பில்தான் நம் மௌனம் தொங்குகிறது. அழைப்பு வராதிருந்தால் சரணம் இல்லை, சரணம் இல்லையேல் விளிம்பு இல்லை, விளிம்பு இல்லையேல் அடி விழ இடம் இல்லை. தருக்கம் சற்றே நொண்டுகிறது என்போர் ஃபாஸ்டரிடம் கேட்டுக்கொள்க.

அடிக்கு இன்னொரு பின்புலமும் உண்டு. பாட்டு தொடங்கும்போது ஏறக்குறைய முக்கால் நிமிடம் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். அதுவும் காஸ்ட்னரின் பிடிவாதம். வாத்தியம் இல்லாத பாட்டை எந்த வானொலிக்காரன் போடுவான் என்று தொழில் தெரிந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். தொடக்கத்தில் போட்டுவைத்த அந்த மௌனத்துக்கு மூன்றாம் நிமிடத்தில் வட்டி சேர்த்து எடுக்கிறார்கள். மறுபடி குரல் மட்டும், மறுபடி அதுவும் இல்லை, அப்புறம் அடி. அடியோடு சுருதியும் மாறுகிறது. அதுவரை ஏ மேஜர், பிறகு பி மேஜர். நம் ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டையிலிருந்து ஏழு கட்டை. எதிர்பாராத நேரத்தில் படியேறச் சொன்னால் கேட்பவன் தடுக்கி விழத்தான் செய்வான். விழுந்தவன் அழுகிறான். அழுததற்குக் காரணம் காதல் என்று நினைத்துக்கொள்கிறான்.

இங்கே ஆய்வின் நுண்பகுதிக்கு வருகிறோம்: அந்த மௌனம் எவ்வளவு நேரம்? கண் இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை என்பது இலக்கணம். பாட்டைப் போட்டுவிட்டு இமைத்து எண்ணத் தொடங்கினால், எண்ணுகிற கவனத்தில் அடி போய்விடும். கைநொடித்து எண்ணினால், நொடிக்கிற விரலே அடியாகிவிடும். ஆகவே அளக்க இயலாது, அடித்தே பார்க்கவேண்டும். கைப்பேசிக் காணொளிகளில் இதைப் போட்டியாகவே நடத்திவிட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். நின்றிருக்கும் கார். வலக்கை ஸ்டியரிங்கைவிட்டு ஒரு சாண் மேலே எழும்புகிறது. உதடு இறுகுகிறது. கண், எதிரே இல்லாத ட்ரம் ஒன்றைப் பார்க்கிறது. கை கொஞ்சம் இறங்கி, பயந்து மறுபடி ஏறுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறார். கை விழுகிறது. ட்ரம் இன்னும் விழவில்லை. அவமானத்தோடு கையைத் தூக்குகிற அந்தக் கணத்தில், 'டம்'.

தாளத்துக்கு முந்தி எடுப்பதை அதீதம் என்றும் பிந்தி எடுப்பதை அனாகதம் என்றும் கச்சேரிக்காரர்கள் சொல்வார்கள். அவ்வழி, முந்தி அடிப்போரை அதீதர் என்றும் பிந்தி அடிப்போரை அனாகதர் என்றும் இவ்வாய்வு வகுக்கிறது. ஆசைப்பட்டவர்கள் அதீதர், ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்டவர்கள் அனாகதர். சமத்தில் அடிப்பவர்கள் சிலரே. அவர்களோடு காரில் போவது அலுப்பு.

மறுப்பார் ஒரு வினா எழுப்புவர்: இத்தனையும் அடியால் என்றால் விட்னியின் குரலுக்கு இடம் எங்கே? அமெரிக்க பில்போர்ட் வரிசையில் 14 வாரம், பிரிட்டனில் 10 வாரம் முதலிடத்தில் நின்றது ட்ரம்முக்காகவா? நியாயமான வினா. அந்தக் குரல் இல்லாவிட்டால் மௌனம் வெறும் இடைவெளி. பாடிக்கொண்டிருந்தவர் அவர் என்பதால்தான், நிறுத்தியது நமக்கு வலிக்கிறது. 2012 பிப்ரவரியில், நூவர்க் நகரத் தேவாலயத்திலிருந்து விட்னியின் பெட்டியைத் தூக்கிச் சென்றபோது இதே பதிவைத்தான் ஒலிக்கவிட்டார்கள். முதலாளியிடம் விடைபெற எழுதிய பாட்டு கையறுநிலைத் துறைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே வகைப்பாடு எதுவும் செல்லாது. ஆய்வாளன் குறிப்பேட்டை மூடிவிட வேண்டும்.

மூடியதைத் திறந்து பயனைப் பார்ப்போம். எழுபதுகளில் எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட விரும்பினார். டாலிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர், பதிப்புரிமையில் பாதி கொடுத்தால்தான் ஆயிற்று என்றார். டாலி மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதார். 1982இல் அவரே மறுபடி பாடி, மறுபடி கன்ட்ரி வரிசையில் முதலிடம். பத்து வருடம் கழித்து விட்னி பாடியதும், கொடுக்காத அந்தப் பாதியும் சேர்ந்து கொட்டியது. அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், விட்னியை நினைத்து ஓர் அலுவலக வளாகம் வாங்கியதாக டாலி பின்னாளில் சொன்னார்.

ஆனால் நம் அடி டாலி எழுதியதன்று. 1974 பதிவில் அது கிடையாது. விட்னி பாடியதும் அன்று. பாட்டெழுதியவருக்கு ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் பங்கு உண்டு. பதிவுக்கூடத்தில் வாசிப்பவருக்கு அன்றைய வேலைக்கு அன்றைய கூலி என்பதே அந்தத் தொழிலின் பொதுவழக்கம். ஸ்டியரிங்கில் அடிப்பவரோ தம் உள்ளங்கையைச் செலவழித்து, ஓசியில் அதை ஒவ்வொரு முறையும் தமதாக்கிக்கொள்கிறார். உரிமைச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் அதீதர். பாட்டைப் போடு, ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார்.